சரிவான புறக்கடையில் லாரித் தண்ணீர் இல்லாமல் தோட்டம் போட முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மருதமலை அடிவாரத்தில் வீடு. பின்னால் 40 அடி அகலம், 60 அடி நீளத்தில் வெற்றிடம். வீட்டிலிருந்து பின்பக்க காம்பவுண்டு சுவர் போய்ச் சேர்வதற்குள் ஆறடி இறக்கம். ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து சுவரோரம் போய்ச் சேர்கிறது, மாசி பிறந்ததும் செடி காய்கிறது, லாரித் தண்ணீருக்குக் காசு போகிறது. ஜேசிபி வைத்துச் சமப்படுத்தி கொரியன் புல் போடலாமா, இல்லை தண்ணீர் அதிகம் கேட்காத செடிகள் என்னென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். செடிகளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஐப்பசியில் சுவரைத் தாண்டி ஓடிய தண்ணீரைத்தான் சித்திரையில் நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். அதை நிலத்திலேயே நிறுத்துவது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி. அதைச் சரிசெய்யாமல் எந்தச் செடியை வைத்தாலும் முதல் மழைக்கு வேர் தெரியும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் இடம் 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். 50 மி.மீ. மழை ஒரே நாளில் பெய்வது அங்கே அதிசயமில்லை, அப்படிப் பெய்தால் 11,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஏறக்குறைய ஒரு பெரிய லாரி நிறையத் தண்ணீர். இதில் எவ்வளவு ஓடிப்போகும் என்பது மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடியதல்ல. மேல்மண் இறுகிய வெற்றுச் செம்மண் சரிவில் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம், அப்போது ஏறத்தாழ 4,500 லிட்டர். வீட்டின் மேல்தளம் 1,000 சதுர அடி இருந்தால் அதே மழையில் அங்கிருந்தும் 3,900 லிட்டர் வரும். கோவை நகரத்தின் ஆண்டு மழை 600 முதல் 700 மி.மீ. அளவுதான், அதிலும் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மழை குறைவு என்பதைவிட, இரண்டு மாதத்தில் வந்ததை மற்ற பத்து மாதத்துக்கு மண்ணில் பிடித்து வைக்க முடியவில்லை என்பதுதான் சிக்கல்.

புல்தரை வேண்டாம். கோடையில் ஒரு சதுர மீட்டர் புல் நாளைக்குச் சுமார் 5 லிட்டர் கேட்கும். முழு இடத்துக்கும் போட்டால் தினம் 1,100 லிட்டர். குழந்தைகள் விளையாட வேண்டும் என்றால் வீட்டை ஒட்டி 200 சதுர அடிக்கு அருகம்புல் போதும். அது காய்ந்தாலும் மழைக்குத் திரும்பத் துளிர்க்கும்.

ஜேசிபியும் வேண்டாம், அதற்குக் காரணம் செலவு மட்டுமல்ல. ஆறடி இறக்கத்தைச் சமப்படுத்த மேல்பாதியில் மூன்றடி வரை வெட்டி, கீழ்ப்பாதியில் மூன்றடி வரை நிரப்ப வேண்டும். அது 1,800 கன அடி, அதாவது 18 யூனிட் மண். அந்த மண் முழுவதும் உங்கள் பின்சுவர் மேல் சாயும். காம்பவுண்டு சுவர் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. காய்ந்த மண்ணை ஒருவேளை தாங்கும், மழையில் ஊறிய மண்ணைத் தாங்காது, விழுந்தால் பக்கத்து மனையில் விழும். வெட்டிய மேல்பாதியிலோ நல்ல மண் போய் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள் நிறைந்த அடிமண், வெளியே வந்துவிடும், அதில் செடி மஞ்சளடித்து நிற்கும். மேற்கே மலையோரக் கிராமங்களில் சில ஹாகா (HACA) எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் வருகின்றன. அங்கே இந்த அளவுக்கு மண் வெட்டுவதற்கு அனுமதி தேவைப்படலாம், ஊராட்சியில் கேட்காமல் இறங்க வேண்டாம்.

சரிவு வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக இறங்குவது உங்களுக்கு நல்லது. வீட்டை நோக்கி இறங்கியிருந்தால் நான் கீழே சொல்வதில் பாதியைச் செய்யக்கூடாது, தண்ணீரை நிறுத்தாமல் ஒதுக்கி விடுவதே முதல் வேலையாகியிருக்கும். உங்கள் இடத்திலும் நேரில் பார்க்காமல் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாத விஷயங்கள் உண்டு: பாறை எத்தனை அடியில் இருக்கிறது, செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழி எங்கே இருக்கிறது, மண் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது. முதலிரண்டையும் கடப்பாரையும் பழைய பிளானும் சொல்லிவிடும். மூன்றாவதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியபின் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குச்சி வைத்து அளவெடுங்கள். முதல் முறை இறங்குவதைக் கணக்கில் எடுக்கக்கூடாது, காய்ந்த மண் எப்போதும் ஆசையாகக் குடிக்கும். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் தாராளமாகத் தொடரலாம். அரை அங்குலத்துக்கும் குறைவென்றால் அது களி, அல்லது கீழே பாறை. மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் பார்ப்பது நல்லது.

இனி முக்கியமான வேலை. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், மூன்று அகழிகள். ட்ரெஞ்ச் என்று சொன்னால் வேலையாட்களுக்குச் சட்டென்று புரியும். முதலாவது வீட்டுச் சுவரிலிருந்து 12 அடி தள்ளி, இரண்டாவது 28 அடியில், மூன்றாவது 44 அடியில். வீட்டு அஸ்திவாரத்துக்குப் பத்தடிக்குள் தண்ணீரைத் தேக்கவே கூடாது. பக்கச் சுவர்களிலிருந்தும் மூன்றடி விட்டுவிட்டால் ஒவ்வொன்றும் 34 அடி நீளம் வரும். மேலே ஒன்றரை அடி அகலம், அடியில் ஓரடி, ஆழம் ஓரடி. வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் கீழ்ப்பக்கத்தில் போட்டு, மூன்று நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து திம்சு போட்டு இடித்து, 9 அங்குல உயர வரப்பாக்க வேண்டும். மூன்று அகழிகளும் சேர்ந்து 3,600 லிட்டர் கொள்ளும். வரப்பின் முன்னால் மேலே தேங்குவதையும் சேர்த்தால் 5,000 லிட்டரை நெருங்கும். மேலே பார்த்த 4,500 லிட்டருக்கு இது போதும்.

கண்ணால் பார்த்து மட்டம் பிடிப்பதுதான் இந்த வேலை கெட்டுப்போக முதல் காரணம். சரிவில் கண் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும்: அரை அங்குலத் தெளிவான டியூப் 40 அடி, உள்ளே காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர். ஆறடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். கோடு நேராக வராது, நிலம் வளைகிற இடத்தில் வளையும். அழகுக்காக அதை நேராக்கினால் தண்ணீர் ஒரு மூலையில் குவிந்து அங்கேயே வரப்பை உடைக்கும். வெட்டி முடித்தபின் ஒரு ஹோஸ் பைப்பைப் போட்டுவிட்டுப் பாருங்கள். அகழியின் நீளம் முழுக்கத் தண்ணீர் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேடான இடத்தைச் சுரண்டுங்கள்.

இரண்டாவது காரணம், வழிந்தோட இடம் விடாதது. ஏரிக்குக் கலிங்கு இருப்பதுபோல ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு கலிங்கு வேண்டும்: இரண்டடி அகலம், வரப்பு உச்சியைவிட நான்கைந்து அங்குலம் தாழ்வு, மேலும் கீழும் கல் பாவி, தண்ணீர் விழும் இடத்தில் இரண்டடிக்குக் கருங்கல் பரப்பு. முதல் வரப்பில் இடது ஓரம் வைத்தால் அடுத்ததில் வலது ஓரம், மூன்றாவதில் மறுபடி இடது ஓரம். இப்படிச் செய்தால் பெருமழைத் தண்ணீர் நேர்கோட்டில் பாயாமல் குறுக்கே நடந்து இறங்கும். கடைசிக் கலிங்கிலிருந்து வருவது எங்கே போகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பின்சுவரின் அடியில் நாலு அங்குலக் குழாய்த் துளை இல்லையென்றால் சுவர் அணையாகிவிடும். துளை தெருச் சாக்கடைக்கோ ஓடைக்கோ திறக்கலாம், பக்கத்து மனைக்குள் திறக்கக்கூடாது.

மேல்தளத் தண்ணீரை முதல் அகழியில் விட வேண்டும் என்று யோசனை வரும். விடாதீர்கள். அது ஒரே குழாயில் வேகமாக வந்து விழும், அந்த அளவுக்கு அகழி கட்டப்படவில்லை. அது தொட்டிக்குப் போகட்டும், தொட்டி நிரம்பியபின் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகட்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம் என்பதால் குழி ஏற்கெனவே இருக்கும். உள்ளே ஜல்லி அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள், பெரும்பாலும் அடைத்துத்தான் இருக்கும்.

அகழியை வெறும் பள்ளமாக விட்டால் இரண்டு மழையில் வண்டல் மூடும். அடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கி, மேலே காய்ந்த இலை, மெல்லிய கிளைகளைப் போட்டு வையுங்கள். மட்டை தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும். கொசு பயப்படத் தேவையில்லை, சோதனைக் குழியில் அங்குலக் கணக்கு சரியாக வந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் வற்றிவிடும். மூன்று நாளுக்கு மேல் நின்றால் கலிங்கைத் தாழ்த்த வேண்டும் என்று பொருள். கரையான் வரும், அதில் சந்தேகமே இல்லை. அதனால் மூடாக்கு எதுவானாலும் செடித் தண்டிலிருந்து ஒரு சாண், வீட்டுச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்கட்டும்.

வரப்பு மண் புதுசு, அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். வெட்டிவேரைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. வரப்பின் கீழ்ச்சரிவில், மேலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, அரையடிக்கு ஒரு நாற்று, ஒரே வரிசை. ஒரு வரப்புக்கு 68, மூன்றுக்கும் சேர்த்து 204, பட்டுப்போவதற்கும் சேர்த்து 230 நாற்று வாங்குங்கள். ஒவ்வொரு நாற்றிலும் இரண்டு மூன்று தூர் இருக்க வேண்டும், ஒற்றைத் தூராகப் பிரித்து விற்பதை வாங்காதீர்கள். இடைவெளி விட்டு நட்டால் வேலியாகாது, அந்தச் சந்து வழியாகத்தான் மண் போகும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை அடிக்குக் கத்தரித்து, கத்தரித்த தாளை அங்கேயே மூடாக்காகப் போடலாம். நிழலில் அது நோஞ்சானாகிவிடும், ஆகவே வரப்புக்கு மேல் பெரிய மரம் கூடாது. வெட்டிவேர் மேல்மண் அரிப்பைத் தடுக்கும் என்பது உறுதி. ஆனால் கீழிருந்தே நழுவுகிற நிலத்தையோ சாய்கிற சுவரையோ அது நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது இன்ஜினியர் வேலை.

அகழிகளுக்கு இடையிலுள்ள வெற்று மண்ணுக்கு முதல் வருடம் கொள்ளு விதையுங்கள். மொத்த இடத்துக்கும் ஒரு கிலோ போதும். புரட்டாசியில் விதைத்தால் ஒரு வாரத்தில் முளைத்து, பெருமழைக்குள் தரையை மூடிவிடும். இறக்கம் அதிகமான இடத்தில் மட்டும் தென்னைநார் வலை விரித்து, இரண்டடிக்கு ஒரு மூங்கில் முளை அடித்து, வலைக்கண்ணுக்குள் நடுங்கள். வலை மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், தூக்கிக்கொண்டு நின்றால் தண்ணீர் அடியில் புகுந்து முன்னைவிட மோசமாக அரிக்கும். கூழாங்கல் பரப்பி அடியில் பிளாஸ்டிக் ஷீட் போடுவது இப்போது நாகரிகமாகியிருக்கிறது. சரிவில் அது கூரை போட்டதற்குச் சமம், பெய்ததெல்லாம் அப்படியே கீழே போகும், கூழாங்கல்லும் கூடவே போகும்.

உட்கார ஒரு சமதளம் வேண்டும் என்றால் வீட்டை ஒட்டிய 10 அடியை மட்டும் ஒன்றரை அடிக் கல்கட்டால் தாங்கிக்கொள்ளலாம். சிமென்ட் இல்லாமல் கல்லை அடுக்குவதே இந்த உயரத்துக்கு நல்லது, தண்ணீர் சந்து வழியே தானாக வெளியேறும். ஓரடி ஆழத்தில் அடித்தளம், உயரத்தில் பாதிக்குக் குறையாத அகலம், அடிக்கு இரண்டு அங்குலம் மேட்டுப்பக்கமாகச் சாய்வு, பின்னால் ஓரடிக்கு ஜல்லி. சிமென்ட் வைத்துத்தான் கட்டுவேன் என்றால் ஐந்தடிக்கு ஒரு மூன்று அங்குலக் குழாய் அடியில் வைக்காமல் கட்டாதீர்கள். சுவரைத் தள்ளுவது மண்ணைவிட, பின்னால் தேங்கும் தண்ணீர்தான். நாலடிக்கு மேல் என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேளுங்கள்.

செடிகளுக்கு வருவோம். பட்டியலைவிட எந்தச் செடி எந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் என்பதுதான் பயன்படும். சமையலறைத் தண்ணீர் வரும் மேல்பகுதியில் கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சை. அந்தத் தண்ணீரை ஒரு ஜல்லிக் குழி வழியாக விடுங்கள், கீரைப் பாத்திக்கு நேராக விட வேண்டாம். பொதுவாக இங்கே வாழை வைக்கச் சொல்வார்கள், ஆனால் மருதமலைப் பக்கம் யானை நடமாட்டம் உள்ள தெருவென்றால் வாழையும் பலாவும் விருந்துக்கு அழைப்பதுதான். முதல் அகழிக்கும் இரண்டாவதற்கும் இடையில் மாதுளை, சீத்தா, நந்தியாவட்டை. அதற்குக் கீழே ஆவாரம், நொச்சி, ஆடாதோடை, சோற்றுக்கற்றாழை, நித்தியகல்யாணி. இவை வேர் பிடித்தபின் மழையை மட்டும் நம்பி நிற்கும். அரளி நன்றாக வரும், ஆனால் முழுக்க விஷம், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்க்கலாம். கடைசி அகழிக்குக் கீழே அரித்து வந்த மண் ஆழமாகச் சேர்ந்திருக்கும். அங்கே ஒரு நெல்லியும் ஒரு புங்கனும், சுவரிலிருந்து பத்தடி தள்ளி. நர்சரியில் இட்லிப்பூவைக் கையில் திணிப்பார்கள், சுண்ணாம்புச் சத்து மிகுந்த உங்கள் மண்ணில் அது இலை வெளுத்து, எப்போதும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். உண்ணிச்செடி பூ அழகுதான், பறவை விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்விடும், வேண்டாம்.

மரக்கன்றை வரப்பின் உச்சியில் நடும் பழக்கம் இருக்கிறது. வரப்பு இரண்டு வருடம் இறங்கிக்கொண்டே இருக்கும், காற்றுக்கு மரம் சாயும். வரப்பிலிருந்து இரண்டடி கீழே, வெட்டாத மண்ணில், இரண்டடிக் குழியில் நடுங்கள். கன்றின் கீழ்ப்பக்கம் பிறைபோல ஆறடி அகலத்தில் ஒரு சிறு கரை, வாய் மேட்டைப் பார்த்து. குழியில் வெளியிலிருந்து வாங்கிய வளமான மண்ணை மட்டும் நிரப்பினால் வேர் அந்தக் குழியைவிட்டு வெளியே வராது. தோண்டிய மண்ணோடு நாலில் ஒரு பங்கு மக்கிய எரு போதும்.

‘தண்ணீர் குறைவாகக் கேட்கும் செடி’ என்பது வேர் பிடித்த பிறகுதான் உண்மை. முதல் இரண்டு கோடைக்கு எதுவானாலும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். ஐந்து மரக்கன்றுக்கு வாரம் இருமுறை 15 லிட்டர், நாற்பது புதர்ச் செடிக்கு வாரம் இருமுறை 4 லிட்டர். மொத்தம் வாரத்துக்கு 470 லிட்டர். புல்தரை ஒரு நாளில் குடிப்பதில் பாதிகூட இல்லை. மூன்றாம் வருடம் நாட்டுப் புதர்களுக்கு நிறுத்திவிடலாம். மாதுளையும் எலுமிச்சையும் பழம் வேண்டும் என்றால் எப்போதும் கேட்கும். சொட்டுநீர் போட்டால் 16 மி.மீ. டியூபைச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் இழுங்கள். மேலிருந்து கீழாக இழுத்தால் மோட்டாரை நிறுத்தியபின் டியூபில் மிச்சமிருப்பதெல்லாம் கடைசிச் செடிக்குப் போய், அது அழுகும், மேல் செடி காயும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 20 அடி உயரம் கிடைத்தால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.6 கிலோ அளவுதான். அழுத்தம் சரிசெய்யும் விலை கூடிய டிரிப்பர்கள் அதில் ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம், சாதாரண 4 லிட்டர் டிரிப்பரும் வரிசைக்கு ஒரு வால்வும் போதும். 120 மெஷ் வடிகட்டி கட்டாயம். போர்வெல் தண்ணீரில் உப்பு இருந்தால் மாதம் ஒருமுறை டியூப் முனையைத் திறந்துவிட்டுக் கழுவுங்கள். ஐந்து மரத்துக்கு மட்டும் என்றால் இதெல்லாம் தேவையில்லை. மெருகிடாத மண்பானை ஒன்றைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, மூடி வைத்தால் போதும்.

தண்ணீரை உறிஞ்சி வைக்கும் ஜெல் பொடி பற்றியும் கேட்டிருந்தீர்கள். தொட்டிச் செடிக்குச் சரி, உப்புத் தண்ணீரில் அது பாதிகூட உப்பாது, திறந்த நிலத்தில் அந்தப் பணத்துக்கு மட்டை வாங்கலாம். இந்த அகழிகளால் உங்கள் போர்வெல்லில் தண்ணீர் ஏறுமா என்றால், ஒரு மனையை வைத்து யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. தெருவே செய்தால் பேச்சு வேறு. மண் போவது முதல் மழையிலேயே குறையும், செடியின் தாகம் இரண்டாம் கோடையில் குறையும், இந்த இரண்டையும் நம்பிச் செய்யலாம்.

ஆடியில் குழிச் சோதனையும் மட்டம் குறிப்பதும், ஆவணியில் வெட்டு, புரட்டாசியில் கொள்ளும் வெட்டிவேரும், முதல் இரண்டு மழை இறங்கி வரப்பு நின்றுவிட்டது என்று தெரிந்தபின் ஐப்பசியில் மரக்கன்று. சோதனையில் அரை அங்குலத்துக்கும் குறைவாக வந்தால், அல்லது ஓரடியிலேயே பாறை தட்டினால், அகழி வெட்டாதீர்கள். அதே மூன்று கோடுகளில் ஓரடி உயரத்துக்குச் சிமென்ட் இல்லாத கல்வரப்பு மட்டும் போடுங்கள். தண்ணீர் கல் இடுக்கில் வடிந்து போகும், மண் பின்னால் தங்கும், இரண்டு மூன்று மழைக்காலத்தில் கல்லுக்குப் பின்னால் நடுவதற்கு மண் சேர்ந்துவிடும். கரிசல் மண் என்று தெரிந்தாலும் இதே வழிதான், வீட்டுக்கும் முதல் கோட்டுக்கும் இடையே 12 அடிக்குப் பதில் 20 அடி விட்டுக்கொள்ளுங்கள்.